இஸ்திரிக்காரம்மாவின் முகத்துக்கு ஒரு தண்டவாளம்

தள்ளுக்காரர் வீடு எது என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் கை நீட்டிக் காட்டுவார்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை யாரும் கூப்பிடாமல் கூப்பிடாமல், கடைசியில் யாராவது கூப்பிட்டாலும் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

படம் எடுக்கிற ஸ்டூடியோவில் அவர் டிராலி தள்ளினவர். தரையில் தண்டவாளம் போட்டு, அதன் மேல் பலகை வண்டியை ஏற்றி, வண்டி மேல் கேமராவும் கேமராக்காரரும் உட்கார்ந்துகொள்ள, பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ள வேண்டும். பார்க்கிற ஜனங்களுக்குக் கதாநாயகியின் முகம் தானாகக் கிட்டே வருவது போலத் தோன்றும். தானாக எங்கே வருகிறது? ஒருத்தன் இடுப்பு ஒடியத் தள்ளினால் வருகிறது.

தள்ளுகிறவனுக்குச் சட்டம் ஒன்றுதான். தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. எதிரே அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று நிமிர்ந்து பார்த்தானோ, கை ஒரு பிடி தாமதிக்கும், அத்தனை பேர் உழைப்பும் வீண். அதனால் தள்ளுக்காரர் தள்ளிய அழுகைகள் எதையும் அவர் பார்த்ததில்லை. காதால் கேட்டதோடு சரி.

அவர் மனைவியும் அதே ஸ்டூடியோதான். நடிகைகளின் துணிக்குப் பெட்டி போடுகிற வேலை. இஸ்திரிக்காரம்மா என்றால் பெரிய இயக்குநர்களே குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கேமரா முன்னால் கசங்கிய துணியோடு ஒருத்தர் போய் நிற்க அவள் விட்டதில்லை. ஒருமுறை தள்ளுக்காரரின் சட்டை முதுகு சுருங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "உன்னைப் படத்துல யாரும் பார்க்க மாட்டாங்க, சரி. நான் பார்க்கறேன்ல?" என்று கத்தினாள். கல்யாணத்தில் போய் முடிந்த கத்தல் அது. கல்யாணத்துக்குப் பிறகும் கத்தல் நின்றபாடில்லை. வாங்க போங்க என்று மரியாதையாகக் கத்தினாள், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் கோபம் அந்த வீட்டில் அடுப்பு மாதிரி. எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். புருஷனும் மகளும் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்து குளிர் காய்ந்தார்கள். வெளியாள் பார்த்தால் ஐயோ பாவம் என்பான். அவனுக்கு என்ன தெரியும்?

அந்த அடுப்புதான் இப்போது கட்டிலில் கிடந்தது. வயிற்றில் கட்டி. மருத்துவமனையில் அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தைத்து, "வீட்டுல வெச்சு நல்லாப் பார்த்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

மகள் கடல் தாண்டி இருந்தாள். அங்கே தங்குவதற்கான அனுமதி முடிந்துபோய், புதுப்பிக்கச் சொல்லிக் காத்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் கிளம்பி வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அவளுடைய சின்னக் குழந்தை அங்கேதான் இருந்தது; அதற்கும் காகிதம் வராததால் கூடக் கூட்டி வரவும் வழியில்லை. அதனால் இஸ்திரிக்காரம்மா புருஷனிடம் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிவிட்டாள். "வயித்துப் புண்ணுன்னு மட்டும் சொல்லுங்க. உண்மையைச் சொன்னா எல்லாத்தையும் போட்டது போட்டபடி ஓடி வந்துடுவா. அப்புறம் அந்தக் குழந்தை அம்மா இல்லாம கிடக்கும். என்னை மாதிரி ஒரு கிழவிக்காக ஒரு குழந்தை அழணுமா?"

சத்தியத்தோடு விட்டாளா? முகத்தையும் காட்ட மாட்டேன் என்றாள். மகள் வீடியோவில் கூப்பிடுகிற நேரம் பார்த்துப் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொள்வாள்.

"அப்பா, ஃபோனை ஆட்டாதேப்பா, எனக்குத் தலை சுத்துது. போர்வைதான் தெரியுது. அம்மா எங்க?"

"போர்வைக்குள்ளதாம்மா இருக்கா."

"போர்வைக்குள்ள யாரு வேணா இருக்கலாம்."

போர்வை பேசியது. "ஆமாண்டி, பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டியாந்து படுக்க வெச்சிருக்கோம். போய் வேலையைப் பாரு."

முதல் சில மாதம் இப்படிச் சிரிப்பாகப் போயிற்று. பிறகு போர்வைக்குள்ளிருந்து வந்த குரல் நூல் மாதிரி மெலிந்தது. மகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் தகப்பனை மட்டும் தனியாகச் சமையலறைக்குப் போகச் சொல்லிக் கேட்டாள்.

"அப்பா, நீ எதையோ மறைக்கறே. அம்மா முகத்தை ஒரே ஒரு தடவை காட்டு. நான் வேற எதுவும் கேட்க மாட்டேன். எனக்கு அம்மா முகமே மறந்துடும் போல இருக்குப்பா."

அந்தக் கடைசிச் சொல் தள்ளுக்காரரைப் பிடித்து உலுக்கிவிட்டது.

அவர் மனைவியிடம் கெஞ்சிப் பார்த்தார். "கசங்கிப் போய்க் கிடக்கறேன், எதுக்குப் பார்க்கணும்? நல்லா இருந்தப்போ பார்த்தது போதும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மத்தியானம் மருந்து தின்றால் கண் அயர்வாள், அப்போது போர்வை தானாக நழுவும். அந்த நேரம் பார்த்து ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி போனார். பூனைக்கு மூட்டு வலி கிடையாது, அவருக்கு உண்டு. முட்டி சடக் என்றது. கையோ காய்ச்சல்காரன் கை மாதிரி ஆடிற்று. அவள் விழித்துக்கொண்டு போர்வையை இழுத்தாள். அதற்கப்புறம் அவரோடு பேசவே இல்லை. மகளுக்குத் தெரிந்ததெல்லாம் கூரையும் மின்விசிறியும்தான்.

அப்போதுதான் அவருக்கு டிராலி ஞாபகம் வந்தது. ஸ்டூடியோவில் ஒருமுறை கைக்குழந்தை ஒன்று, கேமரா கிட்டே வந்தாலே வீறிட்டு அழுதது. தள்ளுக்காரர்தான் வண்டியை நத்தை மாதிரி தள்ளி, அது பாட்டுக்கு விரலைச் சப்பிக்கொண்டிருக்க, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். குழந்தைக்கே தெரியாமல் போனவருக்குப் பெண்டாட்டிக்குத் தெரியாமல் போக முடியாதா? வேறு யாராக இருந்தாலும் நாற்காலியில் ஃபோனை வைத்து நகர்த்தியிருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். ஒரு மனிதனுக்கு வாழ்க்கை முழுக்கக் கை பழகியது ஒரே வேலை என்றால், கஷ்ட காலத்தில் கை அங்கேதான் போகும்.

அலமாரிக் கதவு ஒன்று கழன்று வெகு நாளாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அதுதான் வண்டிப் பலகை. பழைய இரும்புக் கடையில் குழந்தைகள் காலில் மாட்டிச் சறுக்குகிற சக்கரச் செருப்பு ஒரு ஜோடி கிடைத்தது. சக்கரங்களைக் கழற்றி, இரும்புப் பட்டையை மூலையாக மடித்து, அதன் இரண்டு பக்கமும் சாய்வாக முடுக்கினார். சாய்வாக இருந்தால்தான் இரண்டு சக்கரமும் குழாயை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு ஓடும், விலகாது. தண்டவாளத்துக்குத் தண்ணீர் போகிற பிளாஸ்டிக் குழாய். எதிர் வீட்டுக் குழாய்க்காரர் வேலையில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டுவந்து போட்டார்.

"என்னண்ணே, வீட்டுக்குள்ளயே ரயில் விடப் போறீங்களா?"

"ஆமா. உனக்கு டிக்கெட் கிடையாது, போ."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் உயிரோட இருப்பேனா? மெதுவாப் பேசு."

குழாய்க்காரர் கையோடு துண்டுகளை ஒட்டியும் கொடுத்தார். அவர் ஒட்டினால் சொட்டுத் தண்ணீர் கசியாது. ஒவ்வொரு இணைப்பிலும் வெளிப்பக்கமாக ஒரு வளையம் மாட்டி, பசை தடவி, இறுக்கித் தந்தார். தள்ளுக்காரர் வண்டியை ஏற்றித் தள்ளிப் பார்த்தார். வளையம் வந்த இடத்திலெல்லாம் வண்டி டக் என்று துள்ளியது. அந்தத் துள்ளலில் தூங்குகிறவள் மட்டுமா, செத்தவளே எழுந்து உட்காருவாள். தண்ணீர் போகிற குழாய்க்கு உள்ளே வழவழப்பாக இருந்தால் போதும். வண்டி போகிற குழாய்க்கு வெளியே அல்லவா வழவழப்பாக இருக்க வேண்டும்? இது குழாய்க்காரருக்கும் தோன்றவில்லை, பசை காய்கிற வரை தள்ளுக்காரருக்கும் தோன்றவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கசியாதுண்ணே, அதுக்கு நான் கேரண்டி" என்றார் குழாய்க்காரர் பாவமாக.

பிறகு தள்ளுக்காரர் வளையங்களை எல்லாம் அறுத்து எறிந்துவிட்டு, தரை துடைக்கிற கட்டையின் கம்பைத் துண்டு போட்டு, குழாய்க்கு உள்ளே இறுக்கமாகச் செருகி முனைகளைச் சேர்த்தார். இணைப்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை.

அறுக்கிற சத்தம் கட்டில் வரைக்கும் கேட்டது.

"ஏங்க, என்ன அறுக்கறீங்க?"

"தண்ணிக் கேனுக்கு ஒரு வண்டி. தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப் போச்சு."

"இத்தனை வருஷம் இல்லாத இடுப்பு இப்ப எங்கிருந்து வந்துச்சு?"

அவர் மறுபடி அறுக்கத் தொடங்கினார். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. முன்பாக இருந்தால் விட்டிருப்பாளா? எழுந்து வந்து, கேனைக் காட்டச் சொல்லி, வண்டியைக் காட்டச் சொல்லி, அவர் வாயாலேயே உண்மையைக் கக்க வைத்திருப்பாள். மேற்கொண்டு கேட்காமல் அவள் அயர்ந்துபோனது அவருக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே என்று கூடத்தில் உட்கார்ந்து அழுதார்.

வேலை நீண்டுகொண்டே போயிற்று. அவள் படுத்திருந்த அறையின் தரை கூடத்தை விடப் பள்ளம். அவள் மருந்தில் அயர்ந்த நேரம் பார்த்துக் குழாய்க்கு அடியில் மரச் சீவலையும் அட்டையையும் ஆப்பு வைத்துச் சமன் செய்தார். சக்கரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டார். பழைய மேசை விளக்கின் வளைகிற கழுத்தை அறுத்துப் பலகையில் பொருத்தி, கட்டில் உயரத்துக்கு வளைத்து, அதன் உச்சியில் ஃபோனைச் சைக்கிள் டியூப் துண்டால் கட்டினார். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பலகை மேல் வைத்துத் தள்ளினார். தண்ணீர் நெளிந்தது. வண்டியில் கனம் இல்லை, அதுதான் குறை. ஸ்டூடியோவில் கேமராக்காரரே மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பார். இங்கே வெறும் ஃபோன்.

கனத்துக்கு என்ன வைக்கலாம் என்று வீடெல்லாம் தேடினார். செங்கல் வைத்தால் பலகையில் உரசிக் கரகரவென்றது. கடைசியில் கட்டிலுக்கடியில் துணி சுற்றி வைத்திருந்த பித்தளை இஸ்திரிப் பெட்டி கண்ணில் பட்டது. கரி போடுகிற பழைய பெட்டி. மின்சாரப் பெட்டி வந்த பிறகும் நல்ல துணிக்கு அவள் அதைத்தான் எடுப்பாள். புருஷனாகவே இருந்தாலும் அதில் கை வைக்க அனுமதி இல்லை. அவள் தூங்கும்போது அதை உருவிக்கொண்டு வந்து பலகை நடுவில் உட்கார வைத்தார். தள்ளினார். தட்டில் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் வந்தது.

இதற்குள் அவள் கஞ்சியைக் கூட வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். அவர் ஆப்பு வைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சொன்னாள். தப்பில்லை. உட்கார்ந்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அதுதான் விஷயம்.

அன்றைக்கு மத்தியானம் மருந்து கொடுத்து, மூச்சு சீராகிற வரை காத்திருந்தார். கட்டிலுக்கு அருகே தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். கூடத்தில் போய் மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, மூச்சு விடாதே. பேசாதே. நீ பேசினா எல்லாம் போச்சு."

"சரிப்பா."

ஃபோனைக் கட்டிவிட்டு, வண்டிக்குப் பின்னால் முட்டி போட்டு, பலகையின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்தார். கை ஆடவில்லை. வண்டியின் கனத்தைப் பிடித்ததும் அந்தக் கைக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. மெல்லத் தள்ளினார். கூடத்துச் சுவர் பின்னால் போயிற்று. வாசற்கால் போயிற்று. சத்தமே இல்லை. முட்டி எரிந்ததைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கண் கோட்டின் மேலேயே இருந்தது. ஒரு முழம், அரை முழம், ஒரு சாண். சக்கரம் கோட்டைத் தொட்டதும், தொட்டது தெரியாமல் நிறுத்தினார். அந்த மாதிரி ஒரு நிறுத்தம் அவர் ஸ்டூடியோவில் கூட நிறுத்தியதில்லை.

நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் மூடியிருந்தது. போர்வை கழுத்துக்குக் கீழே நழுவிக் கிடந்தது. கன்னம் ஒட்டிப்போன முகம், நோவில் சுருங்கிய புருவம், எத்தனையோ நாளாக அவர் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம். வேலை முடிந்தது என்று வண்டியை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, ஃபோனை அவிழ்த்து எடுத்துச் சமையலறைக்குள் போனார்.

மகள் அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

"பார்த்தியாம்மா? மெலிஞ்சிருக்கா, ஆனா..."

"அப்பா, அம்மா முழிச்சுட்டாங்கப்பா."

"இல்லையே. தூங்கிட்டுத்தானே இருந்தா."

"நீ எங்கப்பா பார்த்தே? உன் தலை உச்சிதான் அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். வண்டி பாதி தூரம் வரும்போதே கண்ணைத் தொறந்துட்டாங்க. முதல்ல வண்டியைப் பார்த்தாங்க. அப்புறம் அது மேல இருந்த எதையோ பார்த்தாங்க. என்ன வெச்சிருந்தே?"

"உங்கம்மா பெட்டி."

"இஸ்திரிப் பெட்டியா? ஐயோ அப்பா! அதான் அந்த முறை முறைச்சாங்க. நான் சின்ன வயசுல ஸ்கூல் டிரஸ்ஸோட மண்ணுல உட்கார்ந்தா முறைப்பாங்கல்ல, அதே மாதிரி. மூக்கு விடைச்சுச்சு. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. என்னையும் முறைச்சாங்க. போர்வையை இழுக்கவே இல்லப்பா. நீ நிறுத்தற வரைக்கும் என்னையே முறைச்சுட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க."

தள்ளுக்காரர் கூடத்தில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தார். மகள் பேசிக்கொண்டே போனாள்.

"நான் என்னென்னமோ நினைச்சுப் பயந்துட்டு இருந்தேன். அம்மா அப்படியேதான் இருக்காங்க. அந்தக் கோபம் இருக்குற வரைக்கும் அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குப் போதும்ப்பா. காகிதம் கைக்கு வந்ததும் குழந்தையைத் தூக்கிட்டு வந்துடறேன். அம்மாகிட்ட திட்டு வாங்க ஆள் வேணும்ல?"

"வாம்மா" என்றார். வேறென்ன சொல்வார்? சத்தியம் செய்த கை.

ஃபோனை வைத்துவிட்டு வெகு நேரம் சமையலறையிலேயே நின்றார். பாதி தூரம் அவள் முகத்தில் அந்தக் கோபம் இருந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவர் பார்த்துப் பழகிய கோபம். எத்தனை மாதமாக அதைக் காணாமல் தவித்தார்! அது அந்த அறைக்குள் வந்து, அவர் தலைக்கு மேலாகவே மகளிடம் போய்விட்டு வந்திருக்கிறது. அவர் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக்குள் போனார். அவள் விழித்துத்தான் இருந்தாள்.

"பாப்பாவைப் பார்த்தியாமே."

"உம்."

"என்னைத் திட்டணும்னு தோணலையா? பெட்டியை எடுத்தேன்ல."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான்.

அவள் மேல் போர்த்தியிருந்த வெள்ளைப் போர்வையை அன்று காலையில்தான் பக்கத்து வீட்டுப் பெண் பெட்டி போட்டுக் கொண்டுவந்திருந்தாள். மடிப்புக் கோடு இன்னும் கலையவில்லை. தள்ளுக்காரரின் இரண்டு கையிலும் சக்கரத்து எண்ணெய். அவர் கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். அவள் பார்க்கும்படியாக, வேண்டுமென்றே, போர்வையின் விளிம்பை எடுத்துக் கையைத் துடைத்தார். உள்ளங்கையைத் துடைத்தார், விரல் விரலாகத் துடைத்தார். வெள்ளைத் துணியில் கறுப்புக் கறுப்பாகப் பட்டை விழுந்தது. துடைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். இந்த முறை வேறெங்கும் பார்க்கவில்லை.

அவள் அந்தக் கறையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மூக்கு விடைக்கவில்லை. புருவம் கூட அசையவில்லை.

"பரவாயில்ல, விடுங்க" என்றாள்.

குடும்பம் நடத்திய இத்தனை காலத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்ததற்குக் கூட அவள் பரவாயில்லை என்றதில்லை. அவர் போர்வையின் விளிம்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் மறுபடி கண் அயர்ந்த பிறகுதான் எழுந்து, கூடத்தில் தண்டவாளத்தைத் தாண்டிப் போய், மகளைக் கூப்பிட்டார். வீடியோ போடவில்லை. குரல் மட்டும்.

"என்னப்பா, இப்பத்தானே பேசினோம்?"

"ஒண்ணுமில்லம்மா. எண்ணெய்க் கையை உங்கம்மா போர்வையில துடைச்சுட்டேன். பெட்டி போட்ட போர்வை."

"செத்தே நீ" என்று மகள் சிரித்தாள். "என்ன சொன்னாங்க?"

"பரவாயில்லன்னுட்டா."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. குழந்தை எதையோ உருட்டி விளையாடுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. அதுவும் கொஞ்ச நேரத்தில் நின்றது. அவள் குழந்தையைத் தூக்கி மடியில் இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

"எப்பப்பா சொன்னாங்க?"

"இப்பத்தாம்மா."

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஃபோனை மட்டும் இருவரும் வைக்கவில்லை.